தரையில் படியாத வட்டம்

கால்மிதி என்றால் தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும். இதுவோ மேசைமேல் கவிழ்த்து வைத்த சட்டிபோல உட்கார்ந்திருந்தது.

மருமகள் அதைத் திருப்பிப் போட்டாள். இப்போது கிண்ணமாயிற்று. விளிம்பை அழுத்தினாள். அழுத்திய இடம் படிந்தது, எதிர்ப்பக்கம் எழும்பியது. ஓடிப்போய் எதிர்ப்பக்கத்தை அழுத்தினாள். இந்தப் பக்கம் எழும்பியது.

"பிடிவாதத்துல உன்னை மாதிரியே இருக்கு," என்றபடி வந்தான் கணவன். ஒரு கையில் வாட்டிய ரொட்டி. மறு கையால் கூடையிலிருந்த ஆரஞ்சுப் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் குழிக்குள் அடுக்கினான். "பாரு, அருமையான பழக்கூடை. கால்மிதின்னு சொன்னாத்தானே தப்பு?"

"சிரிக்காதீங்க. சாயங்காலம் அண்ணி வர்றாங்க."

அவன் சிரிப்பு நின்றது. பழங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக் கூடையில் வைத்தான்.

வாராவாரம் இந்த வீட்டுக்கு வந்துபோகிறவர்களுக்குக் கால்மிதி எதற்கென்று தெரியும். இன்றைக்குத்தான் முதன்முறையாக உள்ளே வருகிறவர்கள் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும். மாமனார் ஓய்வுபெற்ற தபால்காரர். பார்வை போய்விட்டது, வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரியும். ஆனால் அந்தக் கால்கள் வாழ்நாள் முழுக்கத் தெருத்தெருவாக நடந்த கால்கள். அவற்றை நம்பித்தான் மருமகள் பழைய துணிகளைக் கிழித்து, பின்னி, தைத்து, வீட்டுத் தரையில் அவருக்குப் பெயர்ப்பலகை வைக்கத் தொடங்கினாள்.

கட்டிலடியில், நைந்துபோன முரட்டுக் கால்சட்டைகளில் செய்த சொரசொரப்பான ஒன்று. சமையலறை வாசலில், பழைய துண்டுகளில் மெத்தென்று ஒன்று. குளியலறை முன்னால் முடிச்சு முடிச்சாக ஒன்று. மூன்றும் நீள்சதுரம். மூன்றும் சொன்ன பேச்சைக் கேட்டுப் படிந்து கிடந்தன.

நாலாவதுதான் தகராறு. அது ஹாலின் நடுவே, எல்லா வழியும் சந்திக்கிற இடத்தில் கிடக்க வேண்டியது. அது வட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று மாமனார் சொல்லிவிட்டார்.

"ரவுண்டானா மாதிரி போடு அம்மாடி. எந்தத் தெருவிலேர்ந்து வந்து ஏறினாலும் காலுக்கு ஒரே மாதிரி இருக்கணும். நடுவுல போய் நின்னுட்டேன்னா போதும், அப்புறம் எந்தப் பக்கம் திரும்பணும்னு காது சொல்லிடும்."

கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது.

சென்ற வாரம் யாரோ சாப்பாட்டு மேசை நாற்காலியை உள்ளே தள்ள மறந்துவிட்டார்கள். யார் என்பதில் கணவன் மனைவி இருவருக்கும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. மாமனார் முட்டியில் அடிபட்டுக்கொண்டார். செய்தி போனதும் கணவனின் அக்கா, மருமகள் அண்ணி என்று கூப்பிடுகிற நாத்தனார், போன் செய்தாள். பெரிய மருத்துவமனையில் வார்டையே கட்டி ஆள்கிற தலைமை நர்ஸ். குரலிலேயே சீருடை இருக்கும்.

"உங்களைக் குறை சொல்லலை. ஆளுக்கொரு வேலைக்கு ஓடுறீங்க. ஆனா அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன். ஒரு ரூம் தயார் பண்ணிட்டேன், தரையில துரும்பு கிடையாது. கால்மிதியாம், கால்மிதி! எங்க வார்டுல யார் விழுந்தாலும் முதல்ல கேக்கிற கேள்வி, காலுக்குக் கீழ என்ன கிடந்துச்சுங்கிறதுதான்."

போனை வைத்ததும் மாமனார் ஒன்றே ஒன்று சொன்னார்: "அங்கே போனா நாற்காலிதான் என் ஊர்."

நாத்தனார் வருவதாகச் சொன்ன நாள்தான் இன்று.

அவர் எழுந்து வருகிற நேரம் ஆயிற்று. மருமகள் கிண்ணத்தை எடுத்து ஒளித்துவிட்டு, சமையலறை ஓரமாக நின்று பார்த்தாள். தினமும் நடக்கிற விஷயம்தான். தினமும் பார்க்கிறாள். இன்றைக்கு மட்டும் கண்ணை எடுக்க முடியவில்லை.

முதலில் கட்டிலடிச் சொரசொரப்பில் இரண்டு பாதமும் தேய்ந்தன. தபால் பையை மாட்டிக்கொள்கிற மாதிரி தோளைக் குலுக்கினார். பிறகு வெறுந்தரை. கை எதையும் தொடவில்லை. நடை தயங்கவில்லை. முடிச்சுகள் பெருவிரலில் பட்டதும் தானாக வலப்பக்கம் திரும்பி முகம் கழுவப் போனார். திரும்பி வந்து, மெத்தென்ற துண்டை மிதித்ததும் புன்னகைத்தார்.

"அம்மாடி, ரொட்டி ஒரு பக்கம் கருகிடுச்சு."

"அது உங்க பையன் வாட்டினது மாமா."

"அதான் ஒரு பக்கத்தோட நின்னிருக்கு."

சாப்பிட்டு முடித்து அவர் தன் நாற்காலியில் பின்ன வேண்டிய துணிப்பட்டைகளோடு உட்கார்ந்ததும், மருமகள் செருப்பைக் கழற்றினாள். வட்டத்தை ஹாலின் நடுவே போட்டாள். கட்டிலருகே போய்க் கண்களை இறுக மூடிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

சொரசொரப்பு. சரி, கட்டில். அடுத்து சில்லென்ற தரை. அதற்குமேல் ஒன்றுமில்லை என்று நினைத்த கணத்தில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இடது காதில் குளிர்சாதனப் பெட்டியின் முணுமுணுப்பு. வலது காதில் சுவர்க்கடிகாரம். வாசல் கதவுக்கு அடியில் நுழைந்து கணுக்காலைத் தொடுகிற மெல்லிய காற்று. குளியலறைச் சோப்பு வாசனை ஒரு திசையில், ரொட்டிக் கருகல் ஒரு திசையில். கல்யாணமாகி வந்ததிலிருந்து இதே வீட்டில்தான் இருக்கிறாள். இந்த வீடு இவ்வளவு பேசுகிறது என்று யாருமே அவளுக்குச் சொல்லவில்லை. கண்ணை மூடியிருக்கிற நிலையிலும் அவளுக்கு வாய் பிளந்தது.

அடுத்த எட்டில் அவள் கால்விரல் வட்டத்தின் விளிம்புக்கு அடியில் நுழைந்தது. முன்னால் சாய்ந்தாள். கணவன் பிடித்துக்கொண்டான்.

விளிம்பு ஒரு கட்டைவிரல் உயரம்தான் எழும்பியிருந்தது. அது போதுமாயிருந்தது.

"அண்ணி சொல்றது சரிங்க," என்றாள் மெதுவாக. "இப்படியே போட்டா மாமா விழுந்துடுவார். போடலைன்னா வாசப்பக்கம் போறப்போ நடுஹால்ல வழி தெரியாம நிப்பார். ரெண்டுல எது நடந்தாலும் அவங்க கூட்டிட்டுப் போயிடுவாங்க."

இங்கே கொஞ்சம் நின்று, இந்த வட்டம் எப்படித் தயாராகிறது என்று பார்த்துவிடலாம். கணவன் பழைய துணியைக் கிழித்துப் பட்டையாக்குவான். லிஃப்ட் மெக்கானிக், விடுமுறை நாளிலும் கைக்கு ஏதாவது வேண்டும். படுக்கை விரிப்பின் ஓரத்தில் ஒரு வெட்டு கொடுத்து இழுத்தால் சர்ரென்று நூல் பிடித்து நேராக ஓடும். அந்தச் சத்தத்துக்காகவே கிழிப்பான். மூன்று பட்டைகளைச் சேர்த்து மாமனார் சடைபோலப் பின்னுவார். பார்வையில்லாதவர் பின்னுகிற பின்னலில் ஒரு இடம்கூடத் தடிக்காது, மெலியாது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துவைத்துப் பார்த்துக்கொண்டே பின்னுவார். முழு நீளமும் இரண்டு விரல் அகலம். அந்தப் பின்னலை நத்தை ஓடுபோலச் சுருட்டிச் சுருட்டி, பக்கவாட்டில் ஊசி போட்டு இணைப்பது மருமகளின் வேலை.

அவள் துணி திருத்தும் கடையில் தையல்காரி. தளர்ந்த தையல் அவளுக்கு அவமானம். அதனால் முதல் தடவை ஒவ்வொரு சுற்றையும் இழுத்துப் பிடித்துத் தைத்தாள். கிண்ணமாயிற்று. கணவன் அதை நனைத்து, இரவு முழுக்கத் தன் கருவிப்பெட்டியை ஏற்றி வைத்தான். பெட்டி இருந்தவரை படிந்திருந்தது. எடுத்ததும் எழுந்துகொண்டது.

பிரித்தாள். இரண்டாம் தடவை யோசித்தாள்: வட்டம் பெரிதாகப் பெரிதாக வெளிச்சுற்றுக்கு நீளம் கூடுதலாக வேண்டும், எனவே ஒவ்வொரு சுற்றுக்கும் முந்தியதைவிட அதிகமாகத் தளர்த்த வேண்டும். நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஓரமெல்லாம் குழந்தைகள் கவுனின் ஃப்ரில்போல அலையடித்தது. மறுபடியும் பிரித்து, மறுபடியும் இழுத்துத் தைத்ததுதான் இப்போதைய பழக்கூடை.

இழுத்தால் குழிகிறது. விட்டால் நெளிகிறது. எவ்வளவுதான் விடுவது?

அவள் ஊசியைக் குத்தி வைத்தாள். தையல் சுண்ணக்கட்டியை எடுத்தாள். அதில் ஒரு நூலைக் கட்டினாள்.

"இங்கே வாங்க. ஹால் நடுவுல உக்காந்து, இந்த நூல் நுனியைக் கட்டைவிரலால அழுத்திப் பிடிங்க."

"என்ன பண்ணப் போறே?"

"என் யோசனை போதும். வட்டத்துகிட்டயே கேட்டுடறேன், உனக்கு எவ்வளவு வேணும்னு."

"மேலே போறது, கீழே வர்றது, ரெண்டும் எனக்குத் தெரியும். சுத்தி வர்றது என் டிபார்ட்மென்ட்டே இல்ல."

"விரலை எடுக்காதீங்க!"

தரையில் ஒரு சிறிய வட்டம் விழுந்தது. நூலை இரண்டு விரல் நீட்டினாள். அதைச் சுற்றி இன்னொரு வட்டம். மறுபடியும் இரண்டு விரல், இன்னொன்று. தண்ணீரில் கல் போட்டதுபோல ஹால் நடுவே வளையங்கள் விரிந்தன. தட்டையான தரையில் தட்டையான வட்டங்கள். அவள் தைக்க வேண்டிய ஒவ்வொரு சுற்றும் அங்கே கிடந்தது, எழும்பாமல், நெளியாமல்.

இனி அளக்க வேண்டும். ஒவ்வொரு வளையத்தின்மேலும் ஒரு நூலைப் படிய வைத்து, சுற்று முடிகிற இடத்தில் வெட்டினாள். வெட்டிய நூல்களைக் குழம்பாமலிருக்கச் சின்னதிலிருந்து பெரியதாக, ஜன்னலோரத் துணி உலர்த்தும் கம்பியில் பக்கத்தில் பக்கத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள்.

பிறகு இரண்டடி பின்னால் வந்து நிமிர்ந்து பார்த்தாள்.

நூல்களின் கீழ்நுனிகள் ஒரு படிக்கட்டாக இறங்கியிருந்தன.

வரவரப் பெரிதாகும் படிகளைத்தான் எதிர்பார்த்திருந்தாள். இவை அப்படியில்லை. ஒவ்வொரு நூலும் முந்தியதைவிட ஒரே அளவுதான் நீண்டிருந்தது. பொத்தான் அளவு வட்டத்துக்கு அடுத்ததிலும் அதே படி. சைக்கிள் சக்கரம் அளவு வட்டத்துக்கு அடுத்ததிலும் அதே படி. நுனிகளின்மேல் ஒரு ஸ்கேலை வைத்தால் எல்லாம் தொடும்.

"மாமா," என்றாள். குரல் சன்னமாக வந்தது. "இங்கே வாங்களேன். தொட்டுப் பாருங்க."

அவர் வந்தார். அவள் அவருடைய விரலை முதல் நூலின் நுனியில் வைத்தாள். விரல் மெல்ல நகர்ந்தது. இறங்கியது. நகர்ந்தது. இறங்கியது. கடைசி நூல்வரை போய், நம்பாமல், திரும்பவும் மேலேறி வந்தது.

"படிக்கட்டு," என்றார். "எல்லாம் ஒரே உயரம்."

"வட்டத்தோட சுத்தளவு மாமா. பெருசாகப் பெருசாக ரொம்பக் கூடும்னு நினைச்சேன். கூடலை. எவ்வளவு பெரிய சுத்தா இருந்தாலும் அடுத்த சுத்துக்கு அதே கூடுதல்தான்." அவள் ஒரு படியைக் கையால் அளந்தாள். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை, அதற்குமேல் இன்னும் ஒரு துளி. "ஒரு சாண், அரை விரல். அவ்வளவுதான்."

"லிஃப்ட்ல மாடிக்கு மாடி ஒரே உயரம் இருக்கிற மாதிரி," என்றான் கணவன். அவன் கட்டைவிரல் இன்னும் தரையில்தான் இருந்தது. எடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லையே.

"ஆனா ஏன் அப்படி?" என்றார் மாமனார்.

அவள் மேசை விரிப்பைப் பார்த்தாள். போன வாரம்தான் அதற்குச் சுற்றிலும் பார்டர் வைத்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளின் முகம் மலர்ந்தது.

"இதோ, இந்த மேசை விரிப்பு மாதிரிதான் மாமா! பார்டர் வைக்கும்போது நாலு பக்கமும் நேரா ஓடுற இடத்துல துணி கூடுதலாத் தேவைப்படாது. உள்ளே எவ்வளவோ வெளியேயும் அவ்வளவுதான். மூலையில திரும்புற இடத்துல மட்டும்தான் கூடுதல். கைக்குட்டையா இருந்தாலும் நாலு மூலை, படுக்கை விரிப்பா இருந்தாலும் நாலு மூலை. அதனால கூடுதலும் ஒண்ணுதான். சதுரத்துல அது நாலு மூலையில குவிஞ்சு நிக்குது. வட்டத்துல சுத்து முழுக்கப் பரவிக் கிடக்குது. ஒரு முழுச் சுத்து திரும்பணும்ல, அந்தத் திரும்பலுக்குத்தான் இந்த ஒரு சாண்!"

மாமனார் நூல்களை விடாமல் வருடிக்கொண்டிருந்தார்.

"அப்போ, நான் தபால் போட்ட ஊரையே சுத்தி ஒரு பின்னல் போட்டா?"

"ஊரைச் சுத்தியா?"

"ஆமாம். போட்டுட்டு, அதை ஒட்டி வெளியே இன்னொரு சுத்து. அதுக்கும் ஒரு சாண்தானா கூட வேணும்?"

"அப்படித்தான் மாமா இருக்கணும்."

"இருக்கணுமா, இருக்கா?" என்று கேட்டுவிட்டு, தனக்குள் சிரித்தபடி முகம் மழிக்கத் தன் அறைக்குப் போனார்.

கேள்வி அவளை விடவில்லை. ஊரைச் சுற்ற முடியாது. ஆனால் ஹாலைச் சுற்றலாமே?

"சோபாவைத் தள்ளுங்க," என்றாள்.

"இப்போவா?"

"இப்போவேதான்!"

தள்ளினார்கள். மேசையையும் தள்ளினார்கள். நூலை நீளமாகக் கட்டி, சுவரைத் தொட்டுவிடுகிற அளவுக்கு ஒரு பெரிய வட்டம். இரண்டு விரல் தள்ளி இன்னொன்று. இரண்டின்மேலும் முட்டிபோட்டு ஊர்ந்து ஊர்ந்து நூல் படிய வைத்தார்கள். இரண்டு நூல்களையும் நீட்டி ஒப்பிட்டாள். நுனியில் மீந்து நின்ற துண்டின்மேல் கையை விரித்தாள்.

ஒரு சாண், அரை விரல்.

இருவரும் முட்டிபோட்ட நிலையிலேயே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெருக்கித் துடைத்து, நடந்து, திட்டி, சிரித்த அதே தரை. அதற்குள் இப்படி ஒன்று இத்தனை நாளும் சத்தமில்லாமல் கிடந்திருக்கிறது. அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"மாமா!" என்று கத்தினாள். "அதேதான் மாமா! சீக்கிரம் வாங்க!"

அவர் வந்தார். சீக்கிரமாகவே வந்தார். கட்டிலடிச் சொரசொரப்பில் கால் ஊன்றி, வாசற்படி தாண்டி, ஹாலுக்குள் வேகமாக.

அதே நேரம் வாசல் கதவு திறந்தது. தன் சாவியால் திறந்துகொண்டு உள்ளே நுழைந்த நாத்தனார், தோளில் பெரிய பையோடு அப்படியே நின்றாள். அவள் பார்த்தது இதுதான்: தரையெல்லாம் சுண்ணக்கட்டிக் கோடு. முட்டிபோட்டிருக்கும் தம்பி. கையில் நூலோடு தம்பி மனைவி. இடம் மாறிக் குறுக்கே நிற்கும் சோபா. அதை நோக்கி நேராக நடந்துவரும் அப்பா.

மூன்று பேருக்கும் வாய் திறந்தது. யாருக்கும் சத்தம் வரவில்லை.

சோபாவுக்கு ஒரு எட்டு முன்னால் அவர் நின்றார்.

தலையைச் சற்றுச் சாய்த்தார். "சோபா எங்கே வந்து நிக்குது?" என்று கேட்டார். "கடிகாரச் சத்தம் பாதிதான் கேக்குது. எதிர்ல என்னவோ அடைச்சுக்கிட்டு இருக்கு." கையை நீட்டினார். சோபாவின் முதுகு விரலில் தட்டியது. "ம். அப்புறம், பாப்பா வந்துட்டா. கதவு திறந்த காத்து வந்தது, மூடின சத்தம் இன்னும் வரலை. ஏம்மா வாசல்லயே நிக்கிறே?"

நாத்தனார் கதவை மூடினாள். பையை வைத்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நீ கூப்பிட்டதுனாலதானே வேகமா வந்தார்?" என்றாள் மருமகளிடம். கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போன வாரம் நாற்காலி. இன்னிக்கு சோபா."

"தப்புதான் அண்ணி. சந்தோஷத்துல மறந்துட்டேன்."

"சந்தோஷத்துல விழுந்தாலும் எலும்பு உடையத்தான் செய்யும். அப்பா, இன்னிக்கு நின்னுட்டீங்க. நாளைக்கு? கிளம்புங்க."

நாத்தனார் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

மாமனார் சோபாவின் முதுகைத் தட்டியபடி நின்றிருந்தார். பிறகு சொன்னார்: "பாப்பா, நீ சாயங்காலம் வர்றதாச் சொன்னே. சீக்கிரம் வந்துட்டே. சாயங்காலம் வரைக்கும் உக்காரு. இவ ஒரு வட்டம் தைக்கப் போறா. தைச்சு முடிச்சதும் நீயே உன் வார்டு கண்ணோட பாரு. ஒரு ஓரம் தூக்கினாலும் மறுபேச்சு இல்லாம உன்கூட வர்றேன்."

"தூக்கலைன்னா?"

"தூக்கலைன்னா இந்தப் பேச்சை இனிமே எடுக்கக் கூடாது."

நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டாள்.

தம்பியும் அவன் மனைவியும் முதல் வேலையாக சோபாவையும் மேசையையும் பழைய இடத்துக்கே தள்ளினார்கள்.

பிறகு கத்தரி. பழக்கூடையின் தையல் முழுக்கப் பிரிந்தது. மருமகள் நடுவிலிருந்து தொடங்கினாள். ஒரு சுற்று வந்ததும் சிவப்பு நூலால் அடையாளம் வைத்தாள். சுற்றின் ஓரத்தில் சம இடைவெளியில் ஆறு சுண்ணக்கட்டிப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு விரல் பின்னலைத் தளர்த்தி உள்ளே ஒதுக்கித் தைத்தாள். ஆறு இரண்டு பன்னிரண்டு விரல். அதுதான் ஒரு சாண். மீதி அரை விரலைக் கடைசிப் புள்ளியில் சேர்த்துக்கொண்டாள். சுற்று முடிந்ததும் கம்பியில் தொங்கும் நூலை எடுத்துச் சரிபார்த்தாள்.

தைக்கிற கை பழக்கதோஷத்தில் நூலை இழுக்கப் பார்க்கும். ஒவ்வொரு தடவையும் அதட்டினாள். தளர்வாக விட்ட இடம் அவள் கண்ணுக்குச் சோம்பேறித் தையலாகத் தெரிந்தது. அடுத்த சுற்று வந்து அணைத்துக்கொண்டதும் அந்தத் தளர்வு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

வீடு அதன்பாட்டுக்கு ஓடியது. கணவன் டீ போட்டான். பழைய சைக்கிள் ட்யூபை நீளநீளமாக வெட்டி, தரையில் வழுக்காமலிருக்க அடியில் தைக்கத் தயாராக வைத்தான். மாமனார் பின்னலின் மீதியை முடித்தார்: வேலைச் சட்டை நீலம், ஜன்னல் திரை மஞ்சள், தலையணை உறை வெள்ளை. நிறம் தெரியாவிட்டாலும் எது எதுவென்று விரல் சொன்னது. நாத்தனாரின் கட்டியிருந்த கைகள் எப்போதோ அவிழ்ந்திருந்தன. மருமகள் ஊசியில் நூல் கோக்கத் தடுமாறியபோது, "கொடு இங்கே" என்று பிடுங்கி ஒரே வீச்சில் கோத்துக் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல ஜன்னலைப் பார்த்தாள்.

கடைசிச் சுற்று முடிந்தது. ட்யூபும் தைத்தாயிற்று. மருமகள் வட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஹால் நடுவே போனாள். கீழே வைக்கும் முன் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள்.

வைத்தாள். அது தொப்பென்று விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தது.

நாத்தனார் எழுந்தாள். கால் முனையால் விளிம்பைச் சுற்றி நெம்பிப் பார்த்தாள். குதிகாலை ஊன்றித் திருகினாள். கால்மிதி நகரவில்லை. திருப்தியில்லாமல் சட்டென்று குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, சட்டைப் பையிலிருந்து நோயாளிகள் கண்ணுக்குள் அடிக்கிற சின்ன டார்ச்சை எடுத்தாள்.

"தம்பி, அந்தப் பக்கம் படு. அடியில எங்கேயாவது வெளிச்சம் வருதா சொல்லு."

அவனும் படுத்தான். அவள் டார்ச்சோடு வட்டத்தைச் சுற்றி ஊர்ந்தாள். அவன் எதிர்ப்பக்கமாக ஊர்ந்தான். மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வரலைக்கா."

"நல்லாப் பாரு."

"ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரலை."

நாத்தனார் எழுந்து உடையைத் தட்டிக்கொண்டாள். "அப்பா," என்றாள். "வாங்க."

தபால்காரர் வந்தார். சொரசொரப்பு. வெறுந்தரை. பிறகு கால்விரல் வட்டத்தின் ஓரத்தைத் தொட்டது, தடுக்கவில்லை, தொட்டது. ஏறினார். நடுவே போய் நின்றார். இடப்பக்கம் முணுமுணுப்பு, வலப்பக்கம் டிக் டிக், முன்னால் கணுக்காலில் காற்று. மெல்ல ஒரு முழுச் சுற்று திரும்பினார். நின்றார். காற்று வந்த திசையில் கை நீட்டாமல் நடந்து, வாசல் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டு, திறந்தார். மாலை வெயில் முகத்தில் விழுந்தது.

"ஊரைச் சுத்தினாலும் ஒரே ஒரு சாண்," என்றார் முகத்தை வெளிப்பக்கம் வைத்தபடி. "இத்தனை வருஷம் சுத்தியிருக்கேன். எனக்குத் தெரியலையே!"

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணவன், கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று, நடுவழியில் கிடந்த அக்காவின் பையை ஓரமாக வைக்கப் போனான். தூக்கியவன் திரும்பிப் பார்த்தான்.

"என்னக்கா இவ்வளவு கனம்? அப்பா துணியை எடுத்துட்டுப் போகக் கொண்டு வந்த பை, காலியாத்தானே இருக்கணும்? மேல உன் துணிமணிதானே தெரியுது?"

நாத்தனார் அவன் கையிலிருந்து பையை வாங்கி, யாருக்கும் எட்டாத மாதிரி நாற்காலிக்குப் பின்னால் வைத்தாள். கிழிக்காமல் மிச்சமிருந்த பழைய விரிப்பை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கும் ஒண்ணு தைக்கணும்," என்றாள் மருமகளிடம். குரலில் சீருடை இல்லை. "கட்டிலுக்குப் பக்கத்துல போடுற மாதிரி."

"எந்தக் கட்டிலுக்கு அண்ணி?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல எப்படின்னு சொல்லு."

மருமகள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சொன்னாள்:

"பின்னல் எவ்வளவு அகலமோ அதைப்போல ஆறு மடங்கு, கூட ஒரு துளி. ஒவ்வொரு சுத்தும் உள்சுத்தை விட அவ்வளவு நீளமா இருக்கணும். முதல் சுத்துக்கும் அதே அளவுதான், கடைசிச் சுத்துக்கும் அதே அளவுதான். சுத்தி ஆறு இடத்துல புள்ளி வைங்க. ஒவ்வொரு புள்ளியிலயும் ஒரு பின்னல் அகலம் தளர்த்தி ஒதுக்கித் தைங்க. குறைச்சா குழியும், கூட்டினா நெளியும். மத்தபடி எங்கேயும் இழுக்காதீங்க அண்ணி. தானாப் படிஞ்சுடும்."